சித்தாளின் கையெழுத்தைப் போட்டது யார்?

நெய்வேலி வட்டாரத் தொழிலாளர்களின் கூலிப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி அவர்களுக்கு,

பெயிண்ட் வேலைக்கான கூலி வரவில்லை என்று நாங்கள் கொடுத்த மனுக்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கான ஒப்புகைச் சீட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. முடிவான பதில்தான் வரவில்லை. அதனால் இம்முறை ஊரார் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களை அவமதிப்பது என் நோக்கமல்ல. ஆனால் இதற்கு மேலும் பேசாமலிருந்தால் எங்களை நாங்களே அவமதித்துக்கொள்வதாக ஆகிவிடும்.

சட்டத்தைப் பற்றி உங்களிடம் பேசப்போவதில்லை. அதைப் படித்துத் தேறித்தான் அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறீர்கள். நான் பெயிண்டர். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நெய்வேலி நகரியத்துக்குள் ஒரு கட்டட வரிசைக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. டெண்டர் எடுத்தவர் ஒருவர், அவரிடமிருந்து உள் ஒப்பந்தம் எடுத்தவர் இன்னொருவர், ஆள் சேர்த்து அழைத்து வந்தவர் ஒரு மேஸ்திரி. மந்தாரக்குப்பத்திலிருந்தும் வடலூர்ப் பக்கமிருந்தும் போனோம். ஆணுக்கு நாளுக்கு 800 ரூபாய், சித்தாளாக வரும் பெண்ணுக்கு 450 என்று பேச்சு. ஒரு மாதம்கூட நீடிக்காத வேலை.

பழைய சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும். விரிசலில் பட்டி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர், அதற்கு மேல் இரண்டு கோட்டிங். இதில் தேய்க்கும் வேலைதான் ஆளைக் கொல்வது. அதைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். நாள் முழுக்க அண்ணாந்து நின்று தேய்த்தால் சுண்ணாம்புத் தூள் கண்ணிலும் தொண்டையிலும் இறங்கும். முகத்துக்கு மறைப்பு என்று அவர்களிடம் இருந்தது புடவைத் தலைப்பு மட்டும். அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டால் மறுபடி தேய்க்க வேண்டும். அதற்கு ஆகும் நேரத்துக்கு மேஸ்திரியின் வசவையும் அவர்கள்தான் வாங்க வேண்டும். குடிக்கும் தண்ணீரைக்கூட வீட்டிலிருந்துதான் கொண்டுபோனோம்.

சனிக்கிழமை கூலி கேட்டோம். பில் பாஸாகட்டும் என்றார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னார்கள். பஸ்ஸுக்கும் டீக்கும் கொடுத்த சில்லறையை அட்வான்ஸ் என்று எழுதிக்கொண்டார்கள். அழுத்திக் கேட்டபோது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். கடைசிக் கோட்டிங் அடிக்க வேறு ஆட்கள் வந்தார்கள். இப்போது அந்தச் சுவர்களைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கோட்டிங்தான் தெரியும்.

இதுவரைக்கும் நடந்தது ஒப்பந்ததாரர் செய்த அநியாயம். இனிமேல் சொல்வது உங்கள் அறையில், உங்கள் கண்ணெதிரே நடந்தது.

எங்கள் மனுவின் பேரில் நீங்கள் விசாரணைக்கு அழைத்த அன்று ஒப்பந்ததாரரின் ஆள் கூலிப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் எல்லோருக்கும் முழுக் கூலி கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. எங்கள் கையெழுத்துகளும் இருந்தன. வேலையின் முதல் நாள், கேட் பாஸுக்கு என்று சொல்லி வெற்றுத் தாள்களில் வாங்கிய கையெழுத்துகள் அவை. அதை எப்படி நிரூபிப்பீர்கள் என்று கேட்டீர்கள். எங்களிடம் சாட்சி இல்லை. தலைகுனிந்து நின்றோம்.

அப்போதுதான் எங்களோடு வந்த சித்தாள் அம்மா தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் விரல் வைத்துக் காட்டினேன். அவர் பெயருக்கு நேராக, பழகிய கை எழுதியதுபோல, வளைவு நெளிவோடு ஒரு தமிழ்க் கையெழுத்து இருந்தது. "எனக்கு எழுதத் தெரியாதுங்க சார். ரேஷன் கடையிலயும் கைநாட்டு, ஓட்டுப் போடுற எடத்துலயும் கைநாட்டு. இத யாரு போட்டது?" என்று உங்களைப் பார்த்துக் கேட்டார்.

நீங்கள் அந்தக் கையெழுத்தைப் பார்த்தீர்கள். அவர் நீட்டிய பெருவிரலையும் பார்த்தீர்கள். அதே பக்கத்தின் அடியில், கூலி தன் முன்னிலையில் வழங்கப்பட்டது என்று வேலை கொடுத்த தரப்பின் சார்பில் ஒருவர் சான்று எழுதி ஒப்பமிட்டிருந்ததையும் பார்த்தீர்கள். கொடுக்காத பணத்தை, போடாத கையெழுத்துக்கு, ஒருவர் பக்கத்தில் நின்று கொடுக்கக் கண்டதாகச் சொல்கிறார். அவரை அழைத்து விசாரிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. பதிவேட்டை மூடி அந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்தீர்கள். "போய்ட்டு வாங்கம்மா, கூப்பிடுறோம்" என்றீர்கள். இன்றுவரை கூப்பிடவில்லை.

இந்தத் திருட்டு நடப்பது வேலை சிறியது என்பதால்தான். நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2023 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குச் சங்கம் உண்டு. அவர்கள் நின்றால் நாடு திரும்பிப் பார்க்கும். சில வாரம் சுவர் தேய்க்க வந்த பெண்ணுக்குச் சங்கம் ஏது? உங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை வந்துபோனால் அவருக்கு ஒருநாள் கூலி போகிறது. நாலு முறை அலைக்கழித்தால் ஐந்தாவது முறை வரமாட்டார் என்று ஒப்பந்ததாரருக்குத் தெரியும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு தேதியும் ஒப்பந்ததாரரின் பைக்குப் போகும் பணம்.

1982-இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்தவர்களின் வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாளுக்கு 9 ரூபாய் 25 காசு கூலி. இடையில் இருந்த ஜமாதார்கள் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். மனித உரிமை அமைப்பு ஒன்று நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுதியது. உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால், அது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஒரு ரூபாய் குறைந்ததற்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுந்து நின்றது. எங்களுக்குக் கூலியே வரவில்லை. நீங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்தச் சித்தாள் அம்மா பிறந்த ஊர் இன்று இல்லை. இரண்டாம் சுரங்கத்துக்குள் போய்விட்டது. 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். இந்த மண்ணைத் தோண்டி எடுக்கும் நிலக்கரியிலிருந்து தென் மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் போகிறது. உங்கள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியும் அதில்தான் சுற்றுகிறது. ஊரைக் கொடுத்த குடும்பத்துப் பெண், அதே மண்ணில் கட்டிய கட்டடத்தின் சுவரைத் தேய்த்துவிட்டு, கூலிக்காக உங்கள் வாசலில் நிற்கிறார். அவரை உட்காரச் சொல்லக்கூட அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பக்கத்து வடலூரின் தருமசாலையில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பசித்து வந்தவரை நாளைக்கு வா என்று அந்தத் தருமசாலை திருப்பி அனுப்பியதில்லை. இங்கே நாங்கள் கேட்பது தருமம்கூட இல்லை. உழைத்த கூலி.

ஒப்பந்ததாரரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் வேறு வாசலைத் தட்டுகிறோம். கூப்பிடுகிறோம் என்று சொல்லி எங்கள் நாட்களைத் தின்னாதீர்கள்.

அப்படியில்லை என்றால், பதிவேட்டை மறுபடி வரவழையுங்கள். முன்னிலையில் கொடுத்ததாகச் சான்று எழுதியவரையும் அழையுங்கள். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அந்த அம்மாவிடம் கொடுத்து, பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டார் என்றால் நாங்கள் எல்லோரும் பொய்யர்கள். எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். எழுத முடியாவிட்டால், அன்று மாலைக்குள் எல்லோருடைய கூலியையும் வாங்கிக் கொடுங்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டவர் யார் என்று எழுதி, அதன் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
கூலி கிடைக்காத பெயிண்டர்களில் ஒருவன்,
நெய்வேலி.