பூனைக்குக் கருத்தடை ஊசி போடுமுன் ஒரு விசயம்



நம்ம ஊரில் பூனை இல்லாத வீடு குறைவு. ஆனால் பூனைக்கும் கென்சர் வரும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வரும். அதில் ஒரு வகை வருவதற்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குட்டி போடாமலிருக்க பெண் பூனைக்குச் சில மாதங்களுக்கு ஒரு தடவை போடும் ஊசியைச் சொல்கிறேன். சத்திரசிகிச்சையை விடச் செலவு குறைவு, போட்ட கையோடு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். அதனால் வருடக்கணக்கில் போடுகிறோம். அதில் இருப்பது புரொஜெஸ்டின் வகை ஹோர்மோன். அது கருவைத் தடுப்பதோடு நிற்காது, பால் சுரப்பிகளையும் தூண்டிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து போட்டால் மடியில் கட்டி வரும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும் உண்டு. (பெண்களுக்குப் போடும் மூன்று மாத ஊசி வேறு கதை. இதை வாசித்துவிட்டு யாரும் அதை நிறுத்த வேண்டாம், சந்தேகம் இருந்தால் மிட்வைஃபிடம் கேளுங்கள்.)

நாய்க்கு மடியில் வரும் கட்டிகளில் பாதியளவு ஆபத்தில்லாதவை. பூனைக்கு அப்படியில்லை, நூற்றுக்கு 85 முதல் 90 வரை புற்றுநோய்தான். என் வகுப்புப் பிள்ளை ஒன்று சொன்னது: பூனையின் மடியில் கட்டி, "பால் கட்டியிருக்கு" என்று வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்த இரண்டு மாதம்தான் பெரிய நட்டம். 2 சென்ரிமீற்றருக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பல பூனைகள் மூன்று வருடத்துக்கு மேலும் வாழ்கின்றன. 3 சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஒரு வருடம் போவதே கஷ்டம், சுவாசப்பைக்குப் பரவிவிடும்.

ஆறு மாதத்துக்கு முன்பே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் இந்தப் புற்றுநோயின் ஆபத்து 90 வீதமளவு குறைகிறது. ஒரு வயதுக்குள் என்றாலும் நல்ல பலன். இரண்டு வயதுக்குப் பிறகு செய்தால் குட்டி போடாது, ஆனால் புற்றுநோயைத் தடுக்கும் பலன் அனேகமாக இல்லை.

"ஒப்பரேஷன் பாவம் சேர், ஊசி என்றால் பரவாயில்லை" என்று பலர் சொல்கிறார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனால் ஆலிமிடம் போனால் கேள்வியைப் பாதியாகக் கேட்காதீர்கள். ஊசியும் கருத்தடைதான், அதனால் பூனைக்கு இன்ன நோய் வருகிறது என்பதையும் சொல்லிக் கேளுங்கள். குட்டிகளைச் சாக்கில் போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருகிறோமே, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பூனை மடியில் படுத்திருக்கும்போது வயிற்றைத் தடவிப் பாருங்கள். பொதுவாக எட்டு முலைக்காம்புகள், ஒவ்வொன்றின் அடியிலும். பயறு அளவு உருண்டை தட்டுப்பட்டாலும் மிருக வைத்தியரிடம் போங்கள். இளம் பூனைக்கு ஊசி போட்ட பிறகு மடி முழுக்க ஒரேயடியாக வீங்கினால் அது புற்றுநோய் இல்லாமலும் இருக்கலாம், அதையும் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பூனைக்குக் காது நுனியிலோ மூக்கிலோ ஆறாத புண் இருந்தால் சண்டைக் காயம் என்று விட்டுவிடாதீர்கள், வெயிலால் வரும் தோல் புற்றுநோயாக இருக்கலாம்.

பூனையின் புற்றுநோய் பிள்ளைகளுக்குத் தொற்றாது. அந்தப் பயத்தில் பூனையை வெளியே துரத்த வேண்டாம். வலிக்கிறது என்று பெனடோல் கொடுக்கவே வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு, ஒரு குளிசையே உயிரை எடுத்துவிடும்.

செலவுதான் பிரச்சினை என்றால், ஒரு ஒழுங்கையில் ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் ஒரே வாகனத்தில் பூனைகளைக் கொண்டு போகலாம், போக்குவரத்துச் செலவாவது பாதியாகும். எங்கள் பக்கம் சேர விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் லீவுக்குள் ஒரு நாள் பார்த்துக்கொள்வோம்.