பெட்டி அனுப்பினது காணும்



றிச்மண்ட் ஹில்லில் மண்டபம் எடுத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு டின்னர் வைக்கிறம். ரிக்கற், பாட்டு, கடைசியில திரையில ஒரு பளபளக்கிற லப்பரஸ்கோப்பிக் கருவியின்ர படம், கைதட்டல். அதை ஆர் இயக்கப் போகினம், பழுதானால் ஆர் திருத்துவினம், ஒருக்காப் பாவிச்சு எறியிற உதிரிகளுக்கு ஆர் காசு கட்டுவினம் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஏழை நாடுகளின் மருத்துவக் கருவிகளில் ஏறக்குறைய 40 வீதம் இயங்காமல் கிடக்கின்றன என்று 2011 இல் வந்த பெரி, மல்கின் ஆய்வு சொல்கிறது. நாங்களும் அந்தக் குவியலுக்குத்தான் கொட்டிக்கொண்டிருக்கிறம்.

மண்ணீரல் அகற்றுவதையே எடுப்பம். தலசீமியாவில் வீங்கிப்போன மண்ணீரலைச் சிறு துளைகள் வழியே எடுத்தால் நோயாளி கெதியாய் எழும்பலாம், கூலி வேலைக்காரருக்கு நாள்ச்சம்பளம் மிஞ்சும். பணக்கார ஆஸ்பத்திரிகளில் அதன் இரத்தக்குழாய்களை ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஸ்ரேப்ளரால் வெட்டுவார்கள். அதே குழாய்களைப் பட்டுநூலால் கட்டியும் வெட்டலாம். உறுப்பை வெளியே எடுக்க விலையுயர்ந்த பைதான் வேணும் எண்டில்லை. கிருமிநீக்கிய சாதாரண பிளாஸ்ரிக் பையும் உதவியிருக்கிறது. ஆனால் நூல் கட்டப் பழகின கை வேணும். அந்தக் கையைக் கொன்ரெயினரில ஏத்தேலாது.

சத்திரசிகிச்சை வைத்தியர் ஜே. ஞானராஜ் வடகிழக்கு இந்தியாவின் கிராமங்களில் செய்ததைப் பாருங்கோ. வயிற்றுக்குள் வாயு நிரப்பாமல் வயிற்றுச் சுவரை வெளியிலிருந்து தூக்கிப் பிடிக்கும் முறை அது. முழு மயக்கம் தேவையில்லை, முதுகில் ஊசி போட்டு விறைக்கப் பண்ணினாலே பல சிகிச்சைகளுக்குப் போதும். மண்ணீரலுக்கும் இது காணும் எண்டு நான் சொல்லவரேல்லை, அது இரத்தம் கொட்டுற சங்கதி. தேவையை வைத்துக் கருவியைத் தீர்மானித்தார்கள் என்பதுதான் விசயம். நாங்கள் விற்பனைப் புத்தகத்தை வைத்துத் தீர்மானிக்கிறம்.

"அப்ப ஏழைக்கு ஏழை வைத்தியமோ?" எண்டு சிலர் கேப்பினம். நல்ல கேள்வி. 2009 இல் வன்னியில் போதிய மயக்கமருந்து இல்லாமல் கால்கள் அகற்றப்பட்டன. மருந்தை மறித்தது அரசு. அதை வைத்தியரின் கெட்டித்தனக் கதையாக்கிறவையோட எனக்குப் பேச்சில்லை. 2022 மார்ச்சில் பேராதனை ஆஸ்பத்திரி மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தினதும் ஏழ்மையின் அழகில்லை, கடனும் கொள்ளையும். பறிக்கப்பட்ட எளிமை வேற, தேர்ந்தெடுத்த எளிமை வேற.

மண்ணீரல் போனவருக்குக் கிருமித்தொற்று ஆபத்து சாகும்வரை இருக்கும். முடிந்தால் இரண்டு கிழமைக்கு முன்னமே நியூமோகொக்கஸ், மெனிஞ்சோகொக்கஸ் தடுப்பூசிகள் போடவேணும். அதுக்கு ஆரும் டின்னர் வைக்கிறேல்லை, ஊசிமருந்துக்குப் பக்கத்தில பொன்னாடையோட நிண்டு படம் எடுக்கேலாதுதானே!

அடுத்த கூட்டத்தில ஒரு பிரேரணை கொண்டுவாறன்: கருவி வாங்குற காசில பாதி தியேட்டர் தாதிமாரின்ர பயிற்சிக்கும், கருவி திருத்துறவரின்ர சம்பளத்துக்கும், தடுப்பூசிக்கும் போகவேணும். எதிர்க்கிறவை கணக்கோட வாங்கோ.