முதலில் எதைக் குறிப்பது?

கிரேட் நிக்கோபார் தீவுத் திட்டம் பற்றிய விவாதம் வளர்ச்சியா, இயற்கையா என்ற வாக்குவாதத்திலேயே முடிந்துவிடுகிறது. நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் நாம் கேட்க வேண்டியது வேறு: வரைபடத்தில் எதை முதலில் குறித்தோம்?

பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றுக்காக இத்திட்டம் 166 சதுர கிலோமீட்டர் கேட்கிறது. அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. பொருளாதார நியாயம் இல்லாமலில்லை. நடுவழியில் கப்பல் மாறும் நம் நாட்டுச் சரக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர் போன்ற அயல்துறைமுகங்கள் வழியே போய்வந்தது. 1969 முதல் இங்கே குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்கு வேலையும் மருத்துவமும் வேண்டும்.

ஆனால் வரிசை தலைகீழானது. துறைமுகத்துக்குத் தேர்ந்தெடுத்த கலாத்தியா விரிகுடா சரணாலயத் தகுதியை இழந்தது 2021 ஜனவரியில். சூழல் தாக்க அறிக்கை அதற்குப் பிறகே வந்தது. 2022 நவம்பரில் சூழல் அனுமதி கிடைத்த அதே மாதம், தீவின் பழங்குடி மன்றம் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது.

அந்த விரிகுடாவின் மணலில் லெதர்பேக் ஆமை முட்டையிடுகிறது. கரையோரக் காட்டில் நிக்கோபார் மெகபோடு பறவை மணலையும் சருகையும் மேடாகக் குவித்து முட்டையிடும்; அடைகாக்காது, மக்கும் சருகின் சூடே குஞ்சு பொரிக்கும். மணலும் சருகும் ஈரமும் கூடிவரும் இந்தக் குறுகிய பட்டைக்கு ஈடாக, திட்டத்தில் சொன்னபடி ஹரியானாவில் மரம் நட்டால் ஏட்டுக்கணக்கு நேராகும், பறவைக்கு இடம் கிடைக்காது. முதுகாடு சேர்த்துவைத்த கார்பனைக் கன்றுகள் எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

காலநிலைக் கணக்கிலும் இத்தீவு தனி. கடல்மட்ட உயர்வை நாம் ஆண்டுக்கு மில்லிமீட்டரில் அளக்கிறோம். ஆனால் 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இத்தீவின் தென்கோடியான இந்திரா முனை ஒரே நாளில் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

எனவே மூன்று விதிகளை வலியுறுத்துகிறோம். முட்டையிடும் கரை, பழங்குடியினரின் மூதாதையர் நிலம், தாழக்கூடிய கரையோரம் ஆகியவற்றை முதலில் குறித்து, எஞ்சியதில் மட்டுமே கட்டுமானத்துக்கு இடம் தேட வேண்டும். ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் உரிமைகள் வன உரிமைச் சட்டப்படி தீர்க்கப்பட்ட பிறகே ஒப்புதல் கோர வேண்டும். அதே தீவுக்கூட்டத்தில், அதே வகை வாழிடத்தில் ஈடுசெய்ய முடியாத நிலத்தைத் தொடவே கூடாத வகையில் சேர்க்க வேண்டும்.

துறைமுகத்துக்கு மாற்று இடம் தேடலாம். இந்தக் கரைக்கு மாற்று இல்லை. அதைத் திட்டக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவைப்பது நம் தொழிலின் கடமை.