நோயாளியின் ஸப்ரை நாம் தேர்ந்தெடுக்க முடியுமா?

 

தோல் ஷாப்புகளில் பாரம் சுமந்து இடுப்பு ஒடிந்த அத்தாமார்கள், பூட்டுப் பட்டறைகளில் அரம் பிடித்தே விரல் மரத்துப்போனவர்கள், ஸுஜூதிலிருந்து எழ முடியாமல் சுவரைப் பிடிக்கும் அம்மாமார்கள் நம் திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் இல்லை? வலிக்கிறது என்று அவர்கள் வாய் திறந்தால், "ஸப்ரு செய்யுங்கள், கூலி உண்டு" என்ற பதிலே பல வீடுகளில் கிடைக்கிறது. அதற்கு மேல் கேட்டால் மருந்துக் கடையிலிருந்து ஒரு வலி மாத்திரை வரும்.

இது மார்க்கம் கற்றுத்தந்த ஸப்ரு அன்று. நோயை இறக்கிய அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் (புகாரி). மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுமாறே பணித்தார்கள் (திர்மிதீ). உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் மருத்துவர் ஒருவரையே அனுப்பிவைத்தார்கள் (முஸ்லிம்). பொறுமைக்கு முன்மாதிரியான அய்யூப் (அலை) அவர்களும் தம் துன்பத்தை ரப்பிடம் முறையிட்டதைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. எனவே, வலியைச் சொல்வது பொறுமையின்மை ஆகாது.

வலிப்பு நோயுற்ற பெண்மணி பொறுமையைத் தேர்ந்தெடுத்த ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். நபியவர்கள் அவருக்கு இரு வழிகளையும் எடுத்துரைத்தார்கள். தேர்ந்தெடுத்தவர் அந்த நோயாளியே. அவருக்காக மகனோ மருமகளோ ஜமாஅத்தோ தேர்ந்தெடுக்கவில்லை. தாயின் வலிக்குப் பிள்ளை ஸப்ரு செய்வதற்கு ஆதாரம் ஏது?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதற்குத் தனி இடம் அளித்துள்ளது. எல்லா வலிக்கும் ஒரே மாத்திரை போதாது. காலையில் விரல் மூட்டுகள் நெடுநேரம் விறைத்து வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். பெண்களை அதிகம் தாக்கும் அந்நோய்க்கு மூட்டுவாத நிபுணரிடம் தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால், மூட்டுகள் சிதைவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சல் நரம்புவலி. அதற்கான மருந்தே வேறு. மருத்துவர் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையோ குடலில் இரத்தக் கசிவையும் சிறுநீரகப் பழுதையும் உண்டாக்கவல்லது.

செலவு என்று சொல்லித் தப்பவும் இயலாது. 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. ஒரு திருமண விருந்தின் பிரியாணிச் செலவில் சிறு பங்கு போதும், தாயை மதுரைக்குப் பலமுறை அழைத்துச் சென்றுவர. பெண் மருத்துவர் கிடைக்காவிடில், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே உள்ளனர்.

ஆகவே, பிள்ளைகள் ஒரு நாள் கூலியை விட்டேனும் பெற்றோரை உரிய நிபுணரிடம் அழைத்துச் செல்லட்டும். இதுவரை உண்ட மருந்துச் சீட்டுகளை எடுத்துச் சென்று, வலி எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்பதை அவர்களையே சொல்லவிடட்டும். துணையில்லாதோருக்கு மஹல்லா ஜமாஅத்துகள் பைத்துல்மாலிலிருந்து வாகனச் செலவையும் உடன் செல்ல ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யட்டும். சிகிச்சைக்குப் பின்னும் எஞ்சும் வலிக்கு ஸப்ரு செய்யட்டும். நிற்க இயலாதோர் அமர்ந்து தொழட்டும். அந்தச் சலுகை நபியவர்கள் தந்தது.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.