பழைய தேவாலயத்தை யார் பராமரிப்பது?

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், கேன்டர்பரி பேராயரின் லாம்பெத் மாளிகை வாயிலையொட்டி நிற்கிறது புனித மரியாள் ஆலயம். நார்மானியர் படையெடுப்புக்கு முன்பே அவ்விடத்தில் ஓர் ஆலயம் இருந்தது. இன்றுள்ள கோபுரம் 14-ஆம் நூற்றாண்டுக்குரியது. மற்ற பகுதிகளில் பெரும்பாலானவை 1850-களில் திரும்பக் கட்டப்பட்டவை. இப்போது அது வழிபாட்டுத் தலம் அன்று, தோட்டக்கலை அருங்காட்சியகம். கட்டணம் செலுத்தி உள்ளே செல்வோர் பழங்காலத் தோட்டக் கருவிகளைப் பார்க்கிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள்.

1972-இல் இந்த ஆலயம் மூடப்பட்டது. அடுத்த கட்டம் இடிப்புதான் என்றிருந்த நிலையில், 1976-இல் ரோஸ்மேரி நிக்கல்சன் என்ற பெண்மணி ஒரு கல்லறையைத் தேடி வந்தார். முதலாம் சார்லஸ் மன்னரிடம் தோட்டப் பொறுப்பாளராக இருந்த ஜான் டிரடெஸ்கன்ட், அதே பெயர் கொண்ட அவர் மகன் ஆகியோரின் கல்லறை அது. பலகை அடித்து மூடிக் கிடந்த ஆலயத்தைக் கண்ட அவர், கணவருடன் சேர்ந்து அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி 1977-இல் அதை மீட்டார்.

இதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. தந்தையும் மகனும் தொலைதூர நாடுகளிலிருந்து திரட்டிய அரும்பொருள்களை லாம்பெத்திலிருந்த தங்கள் இல்லத்தில் பொதுமக்களுக்குக் கட்டணத்துக்குக் காட்டியவர்கள். அத்தொகுப்பு எலியாஸ் ஆஷ்மோல் கைக்குச் சென்று, 1683-இல் திறக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு அடித்தளமாயிற்று. டிரடெஸ்கன்டின் மனைவியோடு அத்தொகுப்புக்காக வழக்காடிய ஆஷ்மோலும் இதே ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

கட்டடத்தை மாற்றிய விதம் பாராட்டத்தக்கது. கண்காட்சிக் கூடங்களுக்கான மரக் கட்டமைப்பு பழைய சுவர்களைச் சாராமல் தனித்து நிற்கிறது. நாளை அதை அகற்றினாலும் ஆலயத்துக்குச் சேதம் நேராது. 2016-இல் சீரமைப்புப் பணியின்போது தரைக்கல்லுக்கு அடியில் ஒரு நிலவறை தென்பட்டது. உள்ளே ஈயத்தாலான 30 சவப்பெட்டிகள். கேன்டர்பரி பேராயர்கள் ஐவருடையவையும் அவற்றுள் அடக்கம். ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலிய மொழிபெயர்ப்பை மேற்பார்வையிட்டு 1610-இல் மறைந்த ரிச்சர்ட் பேன்கிராஃப்ட் அவர்களுள் ஒருவர். இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும், லாம்பெத் வெற்றியைப் பொது விதியாக்க இயலாது என்பதே என் கருத்து. நதிக்கரை, தலைநகரம், சுற்றுலாப் பயணிகள், புகழ்பெற்ற கல்லறை ஆகிய அனைத்தும் அங்கே ஒருசேர வாய்த்தன. நார்விச் நகரில் ஓர் ஆலயம் பொம்மலாட்ட அரங்காகவும், பிரிஸ்டலில் ஒன்று மலையேற்றப் பயிற்சிக் கூடமாகவும் மாறியிருக்கின்றன. இவையும் நகரங்களே. நுழைவுக் கட்டணம் தர ஆளில்லாத சிற்றூரில் என்ன செய்வது?

இங்கிலாந்துத் திருச்சபை வசம் ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் உள்ளன. வழிபாடு நின்றுபோனவற்றில் சிறப்புமிக்க 350-க்கும் மேற்பட்டவற்றை, 1969-இல் உருவான ஆலயப் பாதுகாப்பு அறக்கட்டளை பராமரிக்கிறது. மற்றவற்றின் பொறுப்பு உள்ளூர்ச் சபையினருடையது. பெரும்பாலும் அது முதியோர் சிலர்தாம்.

இங்கேதான் வரிக்கொள்கை குறுக்கிடுகிறது. பிரிட்டனில் புதிய வீடு கட்டுவதற்கு மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க 20 விழுக்காடு. பாதுகாப்பதற்கு அபராதம், இடித்துக் கட்டுவதற்குச் சலுகை என்ற இந்த முரணை ஈடுசெய்யவே, பாதுகாக்கப்பட்ட வழிபாட்டுத் தலங்களுக்கு அவ்வரியைத் திருப்பித் தரும் திட்டம் 2001-இல் வந்தது. எல்லா மதத்தவருக்கும் உரிய திட்டமாக அது இருந்தது. 2025-26 நிதியாண்டுக்கு அதன் மொத்த ஒதுக்கீடு 2.3 கோடி பவுண்டாகவும், ஒரு தலத்துக்கு ஆண்டு உச்சவரம்பு 25,000 பவுண்டாகவும் குறுக்கப்பட்டன. அந்த ஆண்டில் பத்து லட்சம் பவுண்டு செலவில் கூரையைச் செப்பனிட்ட சபை 2 லட்சம் வரி கட்டியிருக்கும். 1,75,000 பவுண்டு திரும்பி வந்திருக்காது.

மக்கள் வழிபடாத கட்டடத்துக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், பல சிற்றூர்களில் பொதுக்கூடமும் நூற்றாண்டுகளின் ஆவணமும் அந்த ஒரே கட்டடம்தான். அதன் பயனை நுகரும் வழிப்போக்கரிடம் யாரும் கட்டணம் வசூலிக்க இயலாது. சந்தை விலை வைக்க முடியாத இத்தகைய பயனுக்குப் பொதுநிதி தேவை என்பது பொருளியலின் பால பாடம். மானியம் தர மனமில்லையெனில், பழுதுபார்ப்பு மீதான வரி விகிதத்தையாவது 5 விழுக்காடாகக் குறைக்கலாம். அதற்குப் புதிய திட்டமோ விண்ணப்பப் படிவமோ தேவையில்லை.