பறக்கும் ரயிலை மாற்றிக் கொடுங்கள், கட்டணத்தை மாற்றாதீர்கள்

கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025-இல் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. சரியான முடிவுதான்; பல ஆண்டுகள் பிந்தி வந்திருக்கிறது. ஆனால் நிர்வாகம் கைமாறுவதாலேயே மயிலாப்பூர், அடையாறு பயணியின் குறை தீர்ந்துவிடாது.

இந்தத் தடம் ஏன் சோபிக்கவில்லை? மந்தைவெளியிலும் கஸ்தூரிபா நகரிலும் ரயில் நிலையங்கள் அரண்மனை அளவுக்கு எழுந்து நிற்கின்றன. கடைகளுக்கென்று கட்டிய தளங்களில் பெரும்பகுதி இருண்டு கிடக்கிறது. பொழுது சாய்ந்த பின் தனியே படியேறப் பெண்கள் தயங்குகிறார்கள். இதற்கு அதிகாரிகள் சிலரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு அமைப்பில் இருக்கிறது. டெல்லியில் வாரியம், அதன் கீழ் மண்டலம், அதன் கீழ் கோட்டம் என்று இறங்கிவரும் நிர்வாகம் அது. 1951-இல் உருவான தெற்கு ரயில்வேக்கு ஆறு கோட்டங்கள். அவற்றில் ஒன்றான சென்னைக் கோட்டம் விரைவு ரயில்களையும் சரக்கையும் புறநகர் வண்டிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ரயில்வேயின் வருவாயில் பெரும்பங்கு சரக்கிலிருந்து வருகிறது. ஐந்து ரூபாய்ச் சீட்டில் திருவல்லிக்கேணி போகிறவர் அந்த வரிசையில் எங்கே நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை.

எழும்பூர்–கடற்கரை நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் இறுதியில் பறக்கும் ரயில்கள் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டன. ஏழு மாதம் என்றார்கள். கடற்கரை வரை மீண்டும் வண்டி ஓடியது 2024 அக்டோபர் இறுதியில். நான்காவது பாதை அவசியமானதே. ஆனால் பதினான்கு மாத அலைச்சலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று இந்த நகரத்தில் ஒருவரும் இல்லை. திருமயிலைக்குத் தெற்கே வேளச்சேரி வரையிலான இரண்டாம் கட்டத்தின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தமிழக அரசு கொடுத்தது. வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று ஓட வேண்டும் என்பதில் அதற்குச் சொல்லே இல்லை. பணம் போட்டவர் வாசலில் நிற்கும் விசித்திரக் கூட்டு இது!

ரயில்வேயால் நகர ரயிலை நடத்தவே முடியாது என்பதல்ல நம் வாதம். கொல்கத்தா மெட்ரோவை நடத்துவது ரயில்வேதான். ஆனால் அதைத் தனி மண்டலமாக்கி, தனிப் பொது மேலாளரையும் கொடுத்தது. சென்னைக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. கேட்க வேண்டியவர்களும் உரக்கக் கேட்கவில்லை.

இனி மெட்ரோ நிறுவனம் வரட்டும். நமக்குள்ள அச்சம் கட்டணம் பற்றியது. மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாய், இங்கே ஐந்து. தரமணியிலிருந்தும் பெருங்குடியிலிருந்தும் மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் வருகிறவர்களுக்கு மாதச் சீசன் டிக்கெட்தான் கட்டுப்படியாகிறது. குளிர்சாதனப் பெட்டி வந்ததற்காக அவர்களைப் பேருந்துக்குத் துரத்துவது சீர்திருத்தம் ஆகாது. சீசன் டிக்கெட்டும் இன்றைய கட்டண அளவும் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வர வேண்டும்.

இன்னொன்று. மாம்பலம், கிண்டி வழியாக ஓடும் கடற்கரை–தாம்பரம் தடம் ரயில்வேயிடமே இருக்கப்போகிறது. மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023-இல் ஆகாய நடைபாதை அமைத்தது மாநகராட்சி. அதில் நடந்து வருகிறவர் ஏறும் மின்ரயிலின் நேரத்தை நிர்ணயிப்பதோ ரயில்வே. இரண்டையும் ஒரே மேசையில் பேசத்தான் 'கும்டா' எனும் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. சட்டம் 2010-இல் வந்தது. முதல் கூட்டம் நடந்தது 2022-இல்! பேருந்து, மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் வசதி வந்திருப்பது நல்லதுதான். ஆனால் சீட்டு ஒன்றானால் போதாது, கால அட்டவணையும் ஒத்துப்போக வேண்டும். புறநகர் அட்டவணை மாறும்போது குழுமத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று ரயில்வேயை இணங்கவைப்பது மாநில அரசின் அடுத்த வேலை.

ஒப்படைப்பு ஒப்பந்தத்தை முழுமையாகச் சட்டமன்றத்தில் வையுங்கள். நட்டத்தை எந்த அரசு, எத்தனை ஆண்டுக்கு ஏற்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதை எழுதாமல் விட்டால், முதல் நெருக்கடியிலேயே கட்டணத்தில்தான் கை வைப்பார்கள்.