பச்சை அடையாளத்தை நம்பியவன் கதை

சரக்குப் போனால் வியாபாரி திரும்ப வாங்கிக் கொள்ளலாம். கணக்குப் போனால் என்ன செய்வது?

1983 ஜூலையில் நான் பள்ளிக்கூட மாணவன். வெள்ளவத்தை காலி வீதியில் தமிழ் வியாபாரிகளின் கடைகள் எரிந்தபோது சரக்கோடு கடன் கொப்பிகளும் எரிந்தன. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதும் சாம்பலாகிப் போனது. அதைக் கண்ட என் வாப்பா அன்றிலிருந்து இரண்டு கொப்பி எழுதினார். ஒன்று கடை லாச்சியில் இருக்கும். மற்றது இரவில் அவரோடு வீட்டுக்கு வரும். வாரத்தில் ஒரு நாள் இரண்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்ப்பார். "எழுதினா மட்டும் போதாது மகன், வாசிச்சும் பாக்கணும்" என்பார்.

கடைக்குக் கம்பியூட்டர் வந்ததும் இரண்டாம் கொப்பி எழுதும் வேலையை நான் மென்பொருளிடம் ஒப்படைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. என் தவறு அதுதான்.

வெள்ளவத்தைக் கடையின் சேவரில் பில், கையிருப்பு, கடன் எல்லாம் இருந்தன. ஒவ்வோர் இரவும் அதோடு பொருத்தியிருந்த ஹாட் டிஸ்குக்கு ஒரு பெக்கப், கொட்டாஞ்சேனை ஸ்டோரிலுள்ள கம்பியூட்டருக்கு இன்னொரு பெக்கப். காலையில் திரையில் பச்சை அடையாளம் தெரியும். "எல்லாம் சரியாப் போகுது நானா" என்பார் பராமரிப்புக்கு வரும் தம்பி. நானும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

2018இல் ஒரு காலை கோப்புகள் எதுவும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் திரையில் நின்றது. ரென்சம்வெயார். பொருத்தியபடியே இருந்த ஹாட் டிஸ்கும் சேர்ந்து பூட்டுப்பட்டிருந்தது. கொட்டாஞ்சேனைப் பிரதி தப்பியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று திறந்து பார்த்தால், கடைசி பில் ஐந்து மாதங்களுக்கு முந்தியது!

காரணம் மிகச் சிறியது. இடம் போதாமல் கணக்குகளைப் புதிய டிஸ்குக்கு மாற்றியபோது, கொட்டாஞ்சேனைக்குப் போகும் பெக்கப்புக்குக் கொடுத்திருந்த கட்டளையை யாரும் மாற்றவில்லை. அது ஒவ்வோர் இரவும் பழைய இடத்தையே பிரதி எடுத்து, வேலை முடிந்தது என்று பச்சை காட்டியது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. சொன்ன வேலையைச் செய்தது.

அந்த ஐந்து மாதத்துக்குள் பெருநாள் வியாபாரமும் அடக்கம். கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா தன்னிடமிருந்த பில்களைக் கொண்டுவந்து, "நான் தர வேண்டியது இவ்வளவு நானா" என்று எண்ணி வைத்தார். வேறு சிலர், "போன மாசமே தந்துட்டேனே" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை, நம்பவும் மனம் வரவில்லை. பணம் போனதைவிட, நல்ல மனிதர்களைச் சந்தேகிக்க நேர்ந்ததுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

சிறிய கடைக்காரனுக்குத்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். 2023 ஓகஸ்ட் 26இல் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை ரென்சம்வெயாரில் சிக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலிருந்த பிரதிகளும் பூட்டப்பட்டன. இணைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. மே 17 முதல் அன்றுவரையான கடிதங்கள் போயின. பயன்பாட்டிலிருந்ததோ மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013 என்ற பழைய மென்பொருள்.

கிட்லெப் என்பது மென்பொருள் எழுதுபவர்களுக்கே சேவை வழங்கும் நிறுவனம். 2017 ஜனவரி 31இல் அங்கே ஒரு பொறியியலாளர் தவறான சேவரில் தரவுகளை அழித்துவிட்டார். ஐந்து வகையான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும் தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. பெக்கப் தவறுகிறது என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையாமல் நிராகரிக்கப்பட்டு வந்திருக்கின்றன. தற்செயலாக ஆறு மணித்தியாலங்களுக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது.

தென் கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26இல் பற்றிய தீ, அரச ஊழியர்களின் 858 டெராபைட் ஆவணங்களை அழித்தது. அவற்றுக்கு வெளியே பிரதி இல்லை.

இவற்றிலிருந்து நான் படித்த பாடம் ஒன்றே. பெக்கப் எடுப்பது பாதி வேலை. அதைத் திருப்பி எடுத்துப் பார்ப்பதே மீதிப் பாதி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையினரின் பழைய விதி. அதில் ஒன்றாவது வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்பட வேண்டும். பூட்டுபவனின் கை எட்டாத இடம் அதுதான். பெக்கப்புக்கான கடவுச்சொல்லும் கடைப் பையன்கள் பில் போடும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கக் கூடாது.

முதலாளி செய்யவேண்டியது இன்னும் இலகுவானது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காரரை அழைத்து, "நேற்றுப் போட்ட இந்த பில்லைப் பெக்கப்பிலிருந்து வேறொரு கம்பியூட்டரில் எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது என்றும் குறித்துக் கொள்ளுங்கள். டிஸ்க், சேவர் எதை மாற்றினாலும் மறுநாளே இதைச் செய்யுங்கள். இந்த வேலைக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள். பெயர்ப் பலகைக்கும் ஏசிக்கும் இலட்சக்கணக்கில் செலவழிக்கும் நம்மவர்கள் இதற்கு மட்டும் பேரம் பேசுவது நியாயமில்லை.

நான் அந்தத் தம்பியை நிறுத்தவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காத முதலாளி, தொழிலாளியை மட்டும் எப்படிக் குறை சொல்வது? இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவர் வருகிறார். ஒரு பில் இலக்கத்தை நான் சொல்வேன், அவர் எடுத்துக் காட்டுவார். அதன் பிறகுதான் தேநீர்.